ஆவுடையப்பன் மறந்த பத்தொன்பது நாள்

ஆவுடையப்பன் பொய் சொல்லாதவர் என்பதை உலகமே நேரலையில் பார்த்திருந்தது. அப்படியொரு நற்சான்று வேறு எந்த மனிதருக்கும் வாய்த்ததில்லை. பாளையங்கோட்டையில் அவர் மாவு மில்லுக்குப் போனால் மில்காரர் எழுந்து நிற்பார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்து வைத்துவிட்டு அவரைத் தேடுவார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் அவர் படம் இருந்தது. கீழே 'அமைதியின் சாட்சி' என்று போட்டிருந்தது. வெளியில் கூச்சப்படுவார். உள்ளுக்குள் அது அவருக்குப் பிடித்திருந்தது.

பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. ஆறுகளையும் அணைகளையும் அளக்கிற பொறியாளர். தர்வான், மெரிசா என்ற இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓலன் ஆற்றுக்காகப் பதினோரு வருடமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. தர்வானின் ரயில்களில் குண்டு வெடிக்கும். அடுத்த வாரம் மெரிசாவின் சந்தைகளில் வானத்திலிருந்து தீ விழும். யார் முதலில் தொடங்கினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. கடைசியில் இரண்டு நாடுகளும் களைத்துப்போய் உலக நடுவர் மன்றத்துக்கு வந்தன.

மன்றத்திடம் பட்டாளம் கிடையாது. ஒரு கூண்டு மட்டும் இருந்தது. சாட்சி அதற்குள் உட்கார்ந்து பேசும்போது, அவர் மூளையில் இருக்கும் நினைவும் வாயில் வரும் சொல்லும் ஒன்றுதானா என்று அது பார்க்கும். ஒன்றென்றால் வெள்ளை விளக்கு எரியும். இல்லையென்றால் சிவப்பு. சாட்சியை இனி யாரும் வாங்கவோ மிரட்டவோ முடியாது என்று ஆனபோதுதான், தோற்கிற நாடும் தீர்ப்பை ஏற்கலாம் என்ற பேச்சே கிளம்பியது. அந்தக் கூண்டுக்கு வந்த முதல் பெரிய வழக்கு ஓலன் ஆற்று வழக்கு.

தண்ணீரைத் தேக்கிப் பங்குபோட ஓர் அணை வேண்டும் என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. எங்கே கட்டுவது என்பதுதான் சண்டை. மெரிசாவின் ஈத்ரா பள்ளத்தாக்கில் கட்டச் சொன்னது தர்வான். கட்டினால் அறுபத்திரண்டாயிரம் பேர் வாழ்ந்த இருபது ஊர்கள் முழுகிப்போகும். உன் மண்ணிலேயே கட்டிக்கொள் என்றது மெரிசா. மன்றம் தன் சார்பில் ஆவுடையப்பனை அளக்க அனுப்பியது. நான்கு மாதம் மலைகளில் அலைந்தார். நடுவில் ஏதோ பூச்சி கடித்து மூளைக்காய்ச்சல் கண்டு, மன்றத்தின் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்தெழுந்து வந்து கூண்டில் உட்கார்ந்தார்.

"ஈத்ராவை விட்டால் வேறு இடம் உண்டா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்லை. எனக்குத் தெரிந்தவரை வேறு இடம் இல்லை."

வெள்ளை விளக்கு எரிந்தது.

அப்போது பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஈத்ராவைச் சேர்ந்த மிரெல். முந்தின நாள் அவளும் கூண்டில் உட்கார்ந்து, பொறியாளர் தங்கள் வீட்டில் தங்கியதாகச் சாட்சி சொல்லியிருந்தாள். "ஐயா, எங்கள் வீட்டில் தங்கித்தானே மேலே, தர்வான் எல்லைக்குள் இருக்கிற மலையிடுக்கை அளந்தீர்கள்? அதுதான் நல்ல இடம் என்று என் புருஷனிடம் சொன்னீர்களே! என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்!" என்று கத்தினாள்.

நடுவர், "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். விளக்கு வெள்ளையாகவே இருந்தது. காவலர்கள் அவளை வெளியே கொண்டுபோனபோது, "பாவம், வீட்டை இழக்கப் போகிறவர். அவரைக் கோபிக்க வேண்டாம்" என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. முந்தின நாள் அவளுக்கும் வெள்ளை விளக்குதானே எரிந்தது என்று சிலர் கேட்டார்கள். ஆசை முற்றினால் அது நினைவாகவே மாறிவிடும் என்று வல்லுநர்கள் விளக்கம் சொன்னார்கள்.

ஈத்ரா முழுகியது. போர் நின்றது. அதைப் பார்த்து மற்ற நாடுகளும் தங்கள் தகராறுகளை மன்றத்துக்குக் கொண்டுவந்தன. பதினாறு வருடத்தில் முப்பத்தொரு வழக்குகள். அரசாங்கங்கள் ஊட்டி வளர்த்த குண்டு வைக்கும் கும்பல்கள், ஊட்டுகிற கை நின்றதும் தாமாகத் தேய்ந்துபோயின.

இப்போது அவருக்கு அறுபத்துமூன்று. பங்குனி வெயிலில், ஒரு முற்பகலில், வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இறங்கினார். நோரா லிண்டால் என்று பெயர் சொன்னார். டாக்டர். ஆவுடையப்பனின் மனைவி பிரமு மோர் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஆவுடையப்பன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உங்களுக்குக் காய்ச்சல் வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாளை உங்கள் மூளையிலிருந்து எடுத்தது நான்தான்."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். வயதான அம்மாள், வெயில் வேறு என்று நினைத்தார். டாக்டர் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் திரையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பழைய பதிவு ஒன்று ஓடியது. திரையில் ஆவுடையப்பனே இருந்தார். மீசை கறுப்பாக இருந்தது. எதிரே மன்றத்தின் அப்போதைய செயலாளர் ஓஸ்தர். பக்கத்தில் இரண்டு நாட்டு வக்கீல்கள். ஓஸ்தர் காலமாகிப் பல வருடமாகிவிட்டது.

"அந்த மலையிடுக்கை நீங்கள் கண்டுபிடித்தது நம் துரதிர்ஷ்டம்" என்று ஓஸ்தர் சொல்லிக்கொண்டிருந்தார். "அங்கே தர்வானின் மூன்று படைவீடுகள் இருக்கின்றன. அங்கே கட்டு என்று மன்றம் சொன்னால் தர்வான் எழுந்து போய்விடும். மறுநாள் சந்தையில் தீ, மறுவாரம் ரயிலில் குண்டு. பொய் சொன்னால் கூண்டு காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் விலகினால் ஏன் என்று கேட்பார்கள். ஒரே வழிதான் இருக்கிறது. அந்த நாட்கள் உங்களிடம் இருக்கக் கூடாது."

தன்னைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்தார். மேசையைத் தட்டி எழுந்திருப்பேன், மிரட்டி உட்காரவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். திரையில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"இதனால் என் வேலைத் திறமை குறையாதே?"

"குறையாது" என்றது டாக்டரின் குரல், இளமையாக.

"பின்னால் எப்போதாவது மனசை உறுத்துமா?"

"உறுத்துவதற்கு எதுவுமே மிச்சமிருக்காது."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

திரையில் இருந்தவர் முகம் தெளிந்தது. லேசாகச் சிரித்தார். "அப்படியென்றால் நான்தான் அதிர்ஷ்டக்காரன்" என்று சொல்லிப் பேனாவைக் கேட்டு வாங்கினார். இரண்டு வக்கீல்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

டாக்டர் திரையை அணைத்தார். "இப்போது வேறொரு வழக்குக்காக இன்னொருவருக்குச் செய்யச் சொல்கிறார்கள் மன்றத்தில். என்னால் முடியாது, கை நடுங்குகிறது என்றேன். அப்படியானால் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். அதனால்தான் வந்தேன்."

"என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"தெரியவில்லை. பதினாறு வருடம் இதை ஒருத்தியே வைத்திருந்தேன். அதுதான் தெரியும்."

டாக்டர் பதிவைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு ஆவுடையப்பன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தோண்டினாலும் மலையிடுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கூரையும் மருந்து வாசனையும்தான் வந்தன. செய்தது வேறு யாரோ என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற வாய் அது.

பிரமு சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. அவர்தான் எழுந்து போனார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"உனக்கு இது ஆச்சரியமாவே இல்லையே, பிரமு."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "காய்ச்சல்னு சேதி வர்றதுக்கு முன்னாடி நீங்க போன் பண்ணீங்க. 'எனக்குக் காய்ச்சல்னு சொல்லுவாங்க, நம்பாத. ஆனா நம்புன மாதிரி இரு. எந்தக் காலத்துலயும் என்கிட்ட இதப் பத்திக் கேட்டுராத'ன்னீங்க. என் தலமேல சத்தியம் வாங்குனீங்க."

"என்ன விஷயம்னு சொன்னேனா?"

"சொல்லல. ஏதோ தப்புன்னு மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் டிவியில அந்தப் பொம்பள எந்திரிச்சுக் கத்துனாள்லா, அப்பவே புரிஞ்சுபோச்சு."

"பதினாறு வருஷம். ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?"

"முதல்ல பயமா இருந்துச்சுங்க. சொன்னா நீங்க என்ன ஆவீங்களோன்னு." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்புறம்... ஊர்ல எல்லாரும் அவ்வளவு மரியாத குடுத்தாங்கள்லா. என்னையும் சேத்துத்தான குடுத்தாங்க. அது எனக்கும் பிடிச்சுப்போச்சு. இத எப்படி வெளிய சொல்லுதது?"

அவளைக் கோபிக்க அவருக்கு யோக்கியதை இல்லை. இரண்டு பேரும் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே மன்றத்துக்குப் போனார். கடலோரத்தில் இருந்த அந்தச் சிறிய நகரத்தில் இப்போது அவர் பெயரில் ஒரு தெருவே இருந்தது. செயலாளராக ஆனா ரெய்ஸ் என்ற பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பதிவைப் பார்த்துவிட்டு மறுக்கவும் இல்லை, பதறவும் இல்லை. அவரை ஆளில்லாத மன்றக் கூடத்துக்கு அழைத்துப்போய்க் கூண்டைத் திறந்தார்.

"உட்காருங்கள். சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்."

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். "தர்வானின் மலையிடுக்கை நான் அளந்தேன். அதுதான் அணைக்குச் சரியான இடம் என்று கண்டுபிடித்தேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது.

வாழ்க்கையில் அவருக்கு எரிந்த முதல் சிவப்பு அது.

"உங்களிடம் அந்த நினைவு இல்லையே. இல்லாத நினைவுக்கு எப்படிச் சாட்சி சொல்வீர்கள்?" என்றார் ஆனா ரெய்ஸ். "பதிவில் பார்த்ததாகச் சொல்லலாம். அதற்கு வெள்ளை எரியும். பதிவில் பார்த்ததை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்."

"அப்படியானால் இது பொய்யா?"

"பொய் என்று நான் சொல்லவில்லை." அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். "நான் தர்வான்காரி. என் அண்ணன் ரயில் குண்டில் போனான். பையில் கட்டிக் கொடுத்தார்கள். இந்த மன்றம் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரயிலில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிறார்கள். முப்பத்தொரு வழக்குகள். அத்தனையும் உங்கள் வழக்கின்மேல் நிற்கின்றன."

"அடியில் இருப்பது அழுகல் என்றால்?"

"சொல்லுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு முதலில் சந்தோஷப்படப் போகிறவன் யார் என்று யோசியுங்கள். பீரங்கி செய்கிறவன். அவனுக்கு அடுத்து, வேலையும் ஊரும் இல்லாமல் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற ஈத்ரா இளைஞர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். உங்கள் மனசு சுத்தமாக வேண்டும் என்பதற்காக எத்தனை பேர் சாகலாம்? ஓர் எண் சொல்லிவிட்டுப் போங்கள்."

அந்தப் பெண் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவரை வாட்டியது. எழுந்து வெளியே வந்து, தன் பெயர் எழுதிய தெருப் பலகையைப் பார்க்காமல் நடந்தார்.

அங்கிருந்து ஊருக்குத் திரும்பாமல் மெரிசாவுக்குப் போனார். ஈத்ரா மக்களைக் குடியமர்த்திய ஊருக்குப் புதிய ஈத்ரா என்று பெயர் வைத்திருந்தார்கள். சமவெளியில் ஒரே மாதிரி வீடுகள். மிரெல் அங்கே டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள். பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது, ஆவுடையப்பன் மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"இப்போதாவது என்னைத் தெரிகிறதா?" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். தன் சிரிப்பையும் மறைக்கவில்லை. அவள் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து கேட்டாள். எங்கள் வக்கீலும் கையெழுத்துப் போட்டானா என்று மட்டும் நடுவில் கேட்டாள். போட்டார் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"என் புருஷன் தோமிரை இந்த ஊரில் என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? 'கனவுக்காரன்'. நீங்கள் தங்கின கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அந்தப் பெயர் வந்தது. இப்போது யாரிடமும் பேசுவதில்லை. சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும். நாம்தான் எதையோ கற்பனை செய்துகொண்டோமோ என்று."

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வரவில்லை."

"பின்னே?"

"இதை உலகத்துக்குச் சொல்லவா வேண்டாமா என்று கேட்க வந்தேன். சொன்னால் மறுபடியும் போர் வரலாம். பாதிக்கப்பட்டவர் நீங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்."

மிரெல் எழுந்தாள். முதன்முறையாக அவள் முகத்தில் கோபம் ஏறியது.

"உங்களிடமாவது சம்மதம் கேட்டார்கள். நாற்காலி போட்டு, பேனா கொடுத்துக் கேட்டார்கள். எங்கள் அறுபத்திரண்டாயிரம் பேரில் ஒருவரிடம்கூட யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் சுமையை அந்த டாக்டரிடம் இறக்கிவைத்தீர்கள். இன்றைக்கு என்னிடம் இறக்கப் பார்க்கிறீர்கள். நாளைக்குப் போர் வந்தால், மிரெல் சொல்லித்தான் சொன்னேன் என்பீர்கள். அப்படித்தானே?"

ஆவுடையப்பன் தலைகுனிந்தார். அவள் பஸ்ஸில் ஏறிக் கதவை மூடிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. திறமைசாலி என்று நினைத்திருந்தோம், அறுபத்துமூன்று வயதிலும் ஒரு காரியத்தைத் தானாகத் தூக்கத் தெரியவில்லையே என்று நிலையத்தின் வெயிலில் நின்று வெட்கப்பட்டார்.

சித்திரையில் சமாதான தினம் வந்தது. வருடா வருடம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவருக்கு மாலை போட்டுப் பேசச் சொல்வார்கள். அந்த வருடமும் அழைத்தார்கள். கிளம்பும்போது பிரமுவும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ எதுக்கு? கல்லெறிஞ்சாலும் எறிவாங்க."

"மாலை போட்டப்பல்லாம் பக்கத்துல நின்னேன்லா. இதுக்கும் நிக்கேன். வாங்க."

மேடையில் மாலையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பதிவை எல்லோரும் பார்க்கும்படி ஓடவிட்டார். பிறகு, "இதில் சிரிப்பது நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை" என்றார். முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்னால் யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். கல்லூரி முதல்வர் மைக்கை வாங்க வந்தார். பிரமு குறுக்கே நின்றுகொண்டாள். அன்று மாலைக்குள் அது உலகம் முழுக்கப் போய்விட்டது.

ஆனா ரெய்ஸ் சொன்னபடியேதான் தொடங்கியது. தர்வானும் மெரிசாவும் தூதர்களைத் திரும்ப அழைத்தன. எல்லையில் பட்டாளம் இறங்கியது. புதிய ஈத்ராவில் ஒரு நீரேற்று நிலையத்துக்கு இளைஞர்கள் தீ வைத்தார்கள். ஒரு காவலாளி கருகிச் செத்தார். பாளையங்கோட்டை வீட்டுச் சுவரில் கரியால் கொலைகாரன் என்று எழுதினார்கள். ஆவுடையப்பன் அதை அழிக்கவில்லை. தினமும் காலையில் செய்தியைப் போட்டுவிட்டு, அந்தக் காவலாளிக்கு அடுத்த பெயர் எது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பெயர் வரவில்லை. இருபத்துமூன்றாம் நாள் தர்வான் மெரிசாமேல் வழக்குப் போட்டது. மறுநாள் மெரிசா தர்வான்மேல் போட்டது. இரண்டும் மன்றத்தின்மேலும் போட்டன. எல்லாவற்றையும் அதே மன்றத்தில்தான் போட்டன. பழைய நடுவர்கள் மொத்தமாக விலக, புதியவர்கள் வந்தார்கள். பட்டாளம் எல்லையில் ஒரு மாதம் வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பிப்போனது.

ஆவுடையப்பன் அன்றுதான் பல நாளுக்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டார். அதுவும் நிலைக்கவில்லை.

விசாரணையில் இரண்டு நாடுகளின் பழைய ஆவணங்களும் திறக்கப்பட்டன. அதில் தர்வான் அமைச்சரவையின் குறிப்பு ஒன்று இருந்தது. ஆவுடையப்பன் பேனாவைக் கேட்டு வாங்கிய நாளுக்கு ஆறு நாள் முந்தைய தேதி. மக்கள் போரில் சலித்துவிட்டார்கள், மன்றம் மலையிடுக்கைச் சொன்னால் ஏற்றுக்கொள்வது, படைவீடுகளை வடக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். ஓஸ்தர் அவர்களைக் கேட்கவேயில்லை. எழுந்து போய்விடுவார்கள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். தர்வானின் வக்கீல், சும்மா கிடைப்பதை ஏன் விடுவது என்று கையெழுத்துப் போட்டிருந்தார். மெரிசாவின் வக்கீல் ஓஸ்தரின் பயத்தை நம்பிப் போட்டிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் போர் நின்றிருக்கும். ஈத்ரா முழுகியிருக்க வேண்டியதே இல்லை.

போரைத் தடுக்கத்தானே செய்தேன் என்று ஒரு சின்ன ஆறுதலை அவர் அதுவரை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். அதுவும் போனது. பிரமு அந்தக் குறிப்பை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டாள்.

அணையை இனி உடைக்க முடியாது. கீழே மூன்று கோடிப் பேர் அந்தத் தண்ணீரில் வாழ்கிறார்கள். வேறென்ன பரிகாரம் வேண்டும் என்று புதிய மன்றம் ஈத்ரா மக்களை ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டது. தோமிர் ஒன்றைத்தான் கேட்டான். அந்தப் பொறியாளர் பத்தொன்பது நாள் தன் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். நடந்ததை எல்லாம் தான் சொல்ல, அவர் கேட்க வேண்டும்.

ஆவுடையப்பன் போனார். மிரெல் கதவைத் திறந்துவிட்டு, பஸ் சாவியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். தோமிர் வெளுத்த தலையும் ஒடுங்கிய தோளுமாக இருந்தான். திட்டுவான் என்று நினைத்துத்தான் போனார். அவன் திட்டவில்லை. முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். பதினாறு வருடமாக யாரும் கேட்காத கதையைக் கேட்க ஆள் வந்ததில் அவனுக்குச் சந்தோஷம். அதைத்தான் ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை.

ஒரு நாளைக்குப் பழைய நாள் ஒன்று என்று சொன்னான். முதல் நாள் கழுதை மிரண்டு கருவிப்பெட்டி ஓடையில் விழுந்தது. ஐந்தாம் நாள் மழை. நீங்கள் எங்கள் சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றின் படம் போட்டுக் காட்டினீர்கள். எட்டாம் நாள் இடுக்கின் பாறையைத் தட்டிப் பார்த்து, குழந்தை மாதிரி என்னைக் கட்டிக்கொண்டீர்கள். ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லவனாக இருந்த ஒரு மனிதனைப் பற்றி யாரோ சொல்வது போலிருந்தது.

பத்தொன்பதாம் நாளும் வந்தது.

"அன்றைக்கு நீங்கள் கிளம்பினீர்கள்" என்றான் தோமிர். "அதற்கு முன்னால், மூன்றாம் நாள், எங்கள் பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தீர்கள். கதவுக்கு மேலே, இவ்வளவு உயரத்தில். அணை இங்கே வந்தால் தண்ணீர் இதுவரை நிற்கும் என்று காட்டுவதற்காக. மிரெல் அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள். கிளம்புகிற அன்று நீங்களே ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டீர்கள். இனி இது வேண்டாம், தண்ணீர் இங்கே வராது என்றீர்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்."

அவன் முன்னால் குனிந்து, ஆவலோடு அவர் கண்களைப் பார்த்தான். "இப்போதாவது கொஞ்சம் ஞாபகம் வருகிறதா?"

வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கே கூண்டு கிடையாது, விளக்கு கிடையாது. அந்த மனிதன் பதினாறு வருடம் காத்திருந்த வார்த்தை அதுதான். ஆவுடையப்பனுக்கு அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை" என்றார். "வரவில்லை, தோமிர். இனி வரவும் வராது."

தோமிரின் முகம் சற்று வாடியது. பிறகு அவர் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

"பரவாயில்லை" என்றான். "நாளைக்கு முதலிலிருந்து சொல்கிறேன்."